மண்ணுக்குப் பாரமில்லாத இறுதிச் சடங்கு – முதல் முறையா யோசிக்கறவங்களுக்கு

சாவு வீட்ல யோசிச்சு முடிவெடுக்க நேரமே கிடைக்காது. உயிர் போன அரை மணிக்குள்ள ஒருத்தர் ஐஸ் பாக்ஸுக்கு போன் போடுவார், இன்னொருத்தர் மாலைக்கு சொல்லிடுவார், மூணாவது ஆள் போஸ்டர் அடிக்க போட்டோ கேட்டு நிப்பார், வீட்டுக்காரங்க அழுதுட்டே எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு இருப்பாங்க. அதனால எரிக்கறதா புதைக்கறதா, எங்க, எப்படிங்கறதெல்லாம் ஊர்ல வழக்கமா என்ன நடக்குமோ அதுபடியே நடந்து முடிஞ்சிடும். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாம பண்ணணும்னு உங்களுக்கு ஆசை இருந்தா அந்த முடிவ நல்லா இருக்கும்போதே எடுத்து, சம்பந்தப்பட்டவங்ககிட்ட சொல்லி, எழுதியும் வச்சிடணும். தமிழ்நாட்டுல இன்னைக்கு நிஜமாவே கைக்கு எட்டற வழிகள் என்னென்ன, அதுக்கு என்னென்ன வேலை பண்ணணும்னு ஒவ்வொண்ணா எழுதறேன். வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கும் தனியா கொஞ்சம் இருக்கு.

முதல் வேலை: வீட்ல பேச்ச ஆரம்பிங்க

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது"ன்னு தான் முதல் பதில் வரும், அதுக்கு மனசு தயாரா இருங்க. யாராவது தெரிஞ்சவங்க துக்கத்துக்குப் போய்ட்டு வந்து, குளிச்சிட்டு உக்காந்திருக்கற நேரம் இதுக்கு நல்ல நேரம், அப்ப பேச்சு தானா அத சுத்தி தான் ஓடும். "உங்களுக்கு எப்படிப் பண்ணணும்"னு பெரியவங்களக் கேக்காதீங்க, அது குத்தும். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இப்படிப் பண்ணுங்க"ன்னு உங்களப் பத்தி ஆரம்பிங்க, பல நேரம் அவங்களே "எனக்கும் அப்படியே பண்ணிடு"ன்னு சொல்லிடுவாங்க, இல்லன்னா "எனக்கு அதெல்லாம் வேணாம், நம்ம முறைப்படி தான்"னு தெளிவா சொல்லுவாங்க. ரெண்டும் நல்லது தான். அவங்க விருப்பம் அவங்களுது, உங்க கொள்கைய அவங்க உடம்பு மேல திணிக்கக் கூடாது.

முக்கியமா யாருக்குத் தெரியணும்னா, மனைவி பிள்ளைங்க மட்டும் போதாது. கொள்ளி வைக்கப் போறது யாரோ அவங்களுக்குத் தெரியணும், பங்காளிங்கள்ல மூத்தவருக்குத் தெரியணும், தாய்மாமன் வழியில ஒருத்தருக்குத் தெரியணும். அன்னைக்கு முன்னால நின்னு எல்லாத்தையும் ஓட்டறது அவங்க தான். பிள்ளைங்க சொன்னா "சின்னப் பசங்க, உங்களுக்கு என்ன தெரியும்"னு தள்ளிடுவாங்க, பெரியப்பா ஒரு வார்த்த "அவன் என்கிட்டயும் சொல்லிருந்தான்"னு சொன்னா அதோட பேச்சு முடிஞ்சுது.

அடுத்தது: எதுல என்ன கெடுதல்னு தெரிஞ்சுக்கங்க

திறந்த வெளியில விறகு அடுக்கி எரிச்சா ஒரு உடம்புக்கு 400, 500 கிலோ விறகு வரைக்கும் ஆகும். சூடு பாதிக்கு மேல காத்துலயே போயிடறது தான் காரணம். நம்ம பக்கம் பழைய முறையில மூட்டம் போடுவாங்க பாருங்க, கீழ கொஞ்சம் விறகு, மேல சுத்தியும் வறட்டி, அதுக்கு மேல வைக்கோல் பரப்பி களிமண் குழைச்சுப் பூசி, காத்து போக சின்ன ஓட்ட மட்டும் விட்டு பத்த வைப்பாங்க, ராத்திரி முழுக்க உள்ளயே கனிஞ்சு வேகும். சூடு உள்ளயே நிக்கறதால அதுக்கு விறகு கம்மி. இது பத்தி தெரியாம மேல மேல மண்ணெண்ணெய், டயருன்னு போட்டு எரிக்கறாங்களே, அது தான் ரொம்ப மோசம். டயர் எரிஞ்ச புகைய சுவாசிக்கறது மயானத்துல வேலை பாக்கறவங்களும் பக்கத்துல குடியிருக்கறவங்களும் தான்.

புதைக்கறதுல உடம்பால பெருசா கெடுதல் இல்ல, உடம்பச் சுத்தி நாம வைக்கறது தான் கெடுதல். பாலிஷ் அடிச்ச மரப்பெட்டி, அதுல இரும்புக் கைப்பிடி, உள்ள சிந்தெட்டிக் துணி, நுரை மெத்தை, மேல சிமெண்ட் கல்லறை, கிரானைட். எம்பாம் பண்ணிருந்தா, அதாவது உடம்பு கெடாம இருக்க மருந்து ஏத்திருந்தா, ஃபார்மலினும் உள்ள போகும், அதுல இருக்கற ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே வகைப்படுத்தி வச்சிருக்கு. சிமெண்ட் போட்டுட்டா அந்த இடம் மறுபடி மண்ணா ஆகவே ஆகாது, நகரத்துல கல்லறைத் தோட்டங்கள்ல இடமே இல்லாமப் போனதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு உங்களுக்குப் பொருந்தற வழியப் பாருங்க.

எரிவாயு தகனமேடை: போய் ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வாங்க

எரிக்கற குடும்பமா இருந்தா தமிழ்நாட்டுல இப்போதைக்கு சுலபமான, நல்ல மாற்று இது தான். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சின்னு நிறைய இடத்துல நவீன தகனமேடை வந்தாச்சு, பல ஊர்ல ரோட்டரி சங்கங்களும் ஈஷாவும் உள்ளாட்சியோட சேந்து நடத்தறாங்க. முன்னாடி மின் மயானம் இருந்த இடங்கள்லயும் கரண்ட் செலவு, கரண்ட் கட்டுன்னு தொல்லை அதிகமாகி கேஸுக்கு மாத்திட்டு வராங்க. கேஸும் பூமிக்கடியில இருந்து எடுக்கற எரிபொருள் தான், புகையே இல்லாத வழின்னு சொல்லிட முடியாது, ஆனா அரை டன் விறகோட ஒப்பிட்டா மரமும் மிச்சம், புகையும் உயரமான சிம்னி வழியா, பல இடத்துல தண்ணியால கழுவப்பட்டு தான் வெளிய போகும்.

நேர்ல போகச் சொல்றது ஏன்னா, பெரியவங்க இத வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் பெரும்பாலும் பயம் தான். "மெஷின்ல தள்ளிடுவாங்க, சடங்கு எதுவும் பண்ண விட மாட்டாங்க, யார் சாம்பல யாருக்குக் குடுப்பாங்களோ"ன்னு மூணு பயம். உள்ள நடக்கறது இது தான். முன்னால ஒரு மண்டபம் இருக்கும், உடம்ப அங்க இறக்கி வச்சு வாய்க்கரிசி போடறது, குடம் உடைக்கறது எல்லாம் அங்கயே பண்ணிக்கலாம். அப்புறம் உடம்ப ஒரு இரும்புத் தள்ளு மேடைக்கு மாத்துவாங்க. நெஞ்சு மேல சின்ன வறட்டித் துண்டும் கற்பூரமும் வச்சு கொள்ளி வைக்கறவர் பத்த வைப்பார். மேடை தண்டவாளத்துல நகந்து உள்ள போகும், கதவு மூடும். உள்ள 700, 800 டிகிரிக்கு மேல சூடு, ஒரு மணி நேரம் முன்ன பின்ன ஆகும். அடுத்த உடம்ப உள்ள விடறதுக்கு முன்னால இந்த சாம்பல வாரி எடுத்து பேர் எழுதின பானையில போட்டுக் கையில குடுப்பாங்க. ஒரு அறையில ஒரு நேரத்துல ஒரு உடம்பு தான். இத ஒரு தடவ கண்ணால பாத்துட்டா பயம் போயிடும். பெண்களும் வரலாம், எங்க சொந்தத்துலயே மகள் கொள்ளி வச்சத அங்க இருந்த ஊழியர் அம்மா தான் பக்கத்துல நின்னு கையப் பிடிச்சு வழிநடத்துனாங்க.

கேட்டு எழுதிக்க வேண்டிய விஷயங்கள்: எத்தன மணிக்குத் திறந்து எத்தன மணிக்கு மூடறாங்க (நிறைய இடத்துல சாயங்காலத்தோட முடிஞ்சிடும்), முன்கூட்டி போன்ல நேரம் வாங்கணுமா, ஒரு நேரத்துல ரெண்டு மூணு வந்தா எவ்ளோ காத்திருக்கணும், கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கா, கட்டணம் எவ்ளோ. சென்னை மாநகராட்சி மயானங்கள்ல தகனத்துக்குக் கட்டணம் கிடையாது. என்னென்ன பேப்பர் வேணும்னும் கேட்டுக்கங்க, பொதுவா டாக்டர் குடுத்த இறப்புச் சான்று, இறந்தவரோட ஆதார், கூட வர்ற சொந்தக்காரரோட அடையாள அட்டை இருந்தா போதும். வீட்ல உயிர் போனா டாக்டர் ஒருத்தர் வந்து பாத்து எழுதித் தரணும், அதுக்கு யாரக் கூப்பிடறதுன்னு இப்பவே ஒரு பேர் யோசிச்சு வைங்க, ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடறது ரொம்பக் கஷ்டம்.

ரெண்டாம் நாள் பால் தெளிக்கற சடங்கு இருக்கறவங்க சாம்பல் அன்னைக்கே கைக்கு வந்துடுதேன்னு குழம்புவாங்க. பானைய வீட்டுக்குக் கொண்டு போக மாட்டாங்கல்ல. மயானத்துலயே வச்சுக்க வசதி இருக்கான்னு கேளுங்க, இருந்தா மறுநாள் வந்து அந்தப் பானைக்கே பால் தெளிச்சு எடுத்துட்டுப் போகலாம். புரோகிதரோ, சடங்கு செய்யற பெரியவரோ இத இப்ப நிறையப் பேர் ஒத்துக்கறாங்க.

இன்னொரு விஷயம், இத சொல்லாம விட மனசில்ல. ஊர்ல சாதிக்கொரு சுடுகாடு, சிலருக்குப் பாதையே கிடையாதுங்கற நிலைமை இன்னும் இருக்கு. தகனமேடை எல்லாருக்கும் ஒரே வாசல், ஒரே மேடை. எனக்கு இது மரம் மிச்சமாகறதுக்குச் சமமான காரணம்.

கிராமத்துல தகனமேடை பக்கத்துல இல்ல, விறகு தான் கதின்னா, சொன்னேனே அந்த மூட்டம், அதத் தெரிஞ்சவங்கள வச்சு போடச் சொல்லுங்க. வறட்டி, தென்னை மட்டை, சீமைக்கருவேல விறகு போதும், வேம்பையும் புளியையும் வெட்ட வேணாம். ஊராட்சியில சொல்லி அடியில காத்து போகற மாதிரி இரும்புச் சட்டம் ஒண்ணு போட வச்சா விறகு இன்னும் நல்லாக் குறையும். டெல்லியில மோக்‌ஷ்தான்னு ஒரு அமைப்பு இதே மாதிரி உயரத் தூக்கின சட்டமும் மேல புகைபோக்கியும் வச்சு 150 கிலோ விறகு அளவுக்குக் கொண்டு வந்திருக்காங்க.

புதைக்கற குடும்பமா இருந்தா

பசுமை அடக்கம்னு மேல்நாட்டுல இப்ப பேசறாங்களே, அது நம்ம ஊர்ல முஸ்லிம் வீடுகள்ல காலம் காலமா நடக்கறது தான். கஃபன்ங்கற தைக்காத பருத்தித் துணியில உடம்பச் சுத்தி, சந்தூக்குங்கற தூக்குப் பெட்டியில மையவாடி (அடக்கம் பண்ற இடம்) வரைக்கும் தூக்கிட்டுப் போய், சந்தூக்க திருப்பி எடுத்துட்டு வந்துடுவாங்க, உடம்பு துணியோட மண்ணுக்குள்ள போகும். பெட்டி கிடையாது, எம்பாமிங் கிடையாது, முறைப்படி பாத்தா மேல சிமெண்ட்டும் கிடையாது. வீரசைவர்கள் உக்கார்ந்த நிலையில பெட்டியில்லாம அடக்கம் பண்றதும், இன்னும் நிறைய சமூகங்கள்ல வெறும் கோடித் துணியோட புதைக்கறதும் இதே தான். அதனால உங்க குடும்பத்துல புதைக்கற வழக்கம் இருந்தா புதுசா எதையும் கொண்டு வர வேணாம், பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டத எடுத்துட்டாப் போதும்.

துணி சுத்தமான பருத்தியா இருக்கட்டும், பாலியஸ்டர் பட்டுப் புடவை வேணாம். அம்மாவுக்குப் பிடிச்ச புடவையச் சாத்தணும்னு தோணும், சாத்துங்க, மண்ணுக்குள்ள போகும்போது எடுத்து மகளுக்குக் குடுத்துடலாம். பெட்டி கட்டாயம்னா பாலிஷ் அடிக்காத சாதா மரப்பலகை, உலோகமில்லாம, உள்ள வைக்கோலும் பருத்தித் துணியும். கிறிஸ்தவ வீடுகள்ல பெட்டி இல்லாம எப்படின்னு தயக்கம் இருக்கும், பங்குத் தந்தைகிட்டயோ பாஸ்டர்கிட்டயோ முன்னாடியே பேசுங்க, கேரளாவுல சில பங்குகள்ல பெட்டியில்லாம துணியில சுத்தி அடக்கம் பண்ற முறை திரும்ப வந்திருக்கு.

குழி ஆறடி ஆழம் தான் வேணும்னு இல்ல. மேல் மண்ணுல தான் காத்தும் நுண்ணுயிரும் அதிகம், இயற்கை அடக்கம் பண்ற இடங்கள்ல மூணரை, நாலு அடி தான் தோண்டுவாங்க, அப்ப உடம்பு சீக்கிரம் மண்ணாகும். ஆனா நாய் தோண்டாத அளவுக்கு மேல மண் நல்லா மேடா இருக்கணும், தண்ணி ஊறற இடமா இருக்கக் கூடாது. குழிக்குள்ள மூட்ட மூட்டயா உப்பு கொட்டற வழக்கம் நம்ம பக்கம் நிறைய இருக்கு, உப்பு நுண்ணுயிர் வேலையத் தடுக்கும், மண்ணையும் கெடுக்கும். சாங்கியத்துக்கு ஒரு கைப்பிடி போதும்னு பெரியவங்ககிட்ட முன்னாடியே பேசிக்கங்க. மேல சிமெண்ட்டுக்குப் பதிலா ஒரு கல்லு, இல்லன்னா ஒரு மரக்கன்னு, எது வைக்க விடுவாங்கன்னு அந்த இடத்துப் பொறுப்பாளரக் கேளுங்க.

"என் தோட்டத்துலயே என்னப் புதைச்சிடுங்க"ன்னு நிறையப் பேர் ஆசைப்படறாங்க. இதுல சட்டம் இருக்கு. 1999ல வந்த ஊராட்சி மயான விதிகள்படி, குடியிருப்புலருந்தும் குடிதண்ணி எடுக்கற இடத்துலருந்தும் 90 மீட்டருக்குள்ள கூடாது, அனுமதி இல்லாத இடத்துல புதைக்க முடியாது. சொந்த நிலம்ங்கறதால மட்டும் உரிமை வந்துடாது, அனுமதியில்லாமப் புதைச்சு, அப்புறம் கோர்ட்டு உத்தரவுல தோண்டி எடுக்கற நிலைமை எந்தக் குடும்பத்துக்கும் வர வேணாம். ஆசை இருந்தா உயிரோட இருக்கும்போதே ஊராட்சியில மனு குடுங்க.

உடல் தானம்: ஆசை மட்டும் போதாது, தயாரிப்பு வேணும்

மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதிபாசு 2010ல இறந்தப்ப கொல்கத்தாவுல மருத்துவக் கல்லூரிக்கு உடலக் குடுத்தாங்க, 2024ல மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரி உடல் டெல்லி எய்ம்ஸுக்குப் போச்சு. நம்ம ஊர்லயும் இடதுசாரி, பெரியாரிய குடும்பங்கள்ல ரொம்ப நாளா நடக்குது, இப்ப சாதாரண வீடுகள்லயும் கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. மருத்துவ மாணவங்களுக்கு உடம்பு இல்லாம படிப்பு இல்ல. சுற்றுச்சூழல் கணக்குல பாத்தா உடலப் பதப்படுத்த அவங்களும் ஃபார்மலின் தான் பயன்படுத்துவாங்க, கடைசியில மிச்சத்தத் தகனமோ அடக்கமோ பண்ணித் தான் ஆகணும். அதனால இத பசுமை வழின்னு மட்டும் நெனச்சுத் தேர்ந்தெடுக்காதீங்க, ஒரு உடம்பு நிறைய டாக்டர்கள உருவாக்கிட்டுப் போகுதேங்கறதுக்காகத் தேர்ந்தெடுங்க. எனக்கு இது தான் இருக்கறதுலயே உயர்ந்த வழின்னு படுது.

பக்கத்துல இருக்கற மருத்துவக் கல்லூரியோட உடற்கூறியல் துறைக்குப் போங்க, அரசுக் கல்லூரியா இருந்தாலும் தனியாரா இருந்தாலும் அங்க தான் ஃபார்ம் கிடைக்கும். நீங்க கையெழுத்து போடணும், நெருங்கின சொந்தக்காரங்க சம்மதமும் சாட்சியும் வேணும். இதுல எல்லாரும் தடுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு. நீங்க எவ்ளோ தெளிவா எழுதிக் குடுத்திருந்தாலும், உயிர் போன பிறகு குடும்பத்துல ஒருத்தர் "முடியாது"ன்னு நின்னா கல்லூரி எடுக்காது, சண்டையில அவங்க வர மாட்டாங்க. ஃபார்ம நிரப்பறத விட மகனையும் மகளையும் மனசார ஒத்துக்க வைக்கறது தான் பெரிய வேலை.

எல்லா உடலையும் எடுத்துக்க மாட்டாங்கங்கறதும் தெரிஞ்சிருக்கணும். விபத்து, தற்கொலைன்னு போஸ்ட்மார்ட்டம் ஆன உடம்பு வேணாம்பாங்க. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி மாதிரி தொத்து இருந்தாலும், உடம்பு கெட ஆரம்பிச்சிருந்தாலும், மூளைச்சாவுல கிட்னி, கல்லீரல்னு உறுப்பு எடுத்திருந்தாலும் பெரும்பாலும் மறுத்திடுவாங்க. அதனால ரெண்டாவது விருப்பம்னு ஒண்ண, தகனமேடையோ அடக்கமோ, சேத்தே எழுதி வைங்க, அது இல்லாம அன்னைக்குக் குடும்பம் நடுத்தெருவுல நிக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை, பண்டிகை நாள்ல யாரக் கூப்பிடணும்னு துறையில கேட்டு அந்த நம்பரையும் எழுதிக்கங்க.

கண் தானம் தனி. எரிச்சாலும் புதைச்சாலும் உடல் தானம் பண்ணினாலும் கண்ணைக் குடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். உயிர் போனதும் கண் இமைய மூடி, மேல ஈரப் பஞ்சு வச்சு, ஃபேன நிறுத்தி, தலைக்குக் கீழ ரெண்டு தலையணை வச்சு உசத்தி, உடனே கண் வங்கிக்கு போன் போடுங்க. அவங்களே வீட்டுக்கு வந்து இருவது நிமிஷத்துல எடுத்துட்டுப் போயிடுவாங்க, முகம் மாறாது. சர்க்கரை இருந்தாலும், கண்ணாடி போட்டிருந்தாலும், கண்புரை ஆபரேஷன் ஆகிருந்தாலும் குடுக்கலாம்.

வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு

அமெரிக்காவுல வாஷிங்டன் மாகாணம் 2019ல சட்டம் போட்டு, 2020லருந்து மனித உடலையே மக்க வச்சு உரமண்ணாக்கற முறைய அனுமதிச்சது. கேத்ரினா ஸ்பேட்ங்கறவங்க ஆரம்பிச்ச ரீகம்போஸ் தான் இதுல முதல் நிறுவனம். மூடின ஒரு பெரிய உருளைக்குள்ள மரச்சீவல், வைக்கோல், குதிரைமசால் புல்லுக்கு நடுவுல உடம்ப வைக்கறாங்க, காத்து மட்டும் உள்ள போகும், நுண்ணுயிர் வேலையிலயே சூடு 55 டிகிரிக்கு மேல ஏறி கிருமி செத்துடும், ஆறேழு வாரத்துல மண்ணாகி, எலும்ப மட்டும் பொடிச்சு அதுலயே கலந்து, இன்னும் சில வாரம் ஆற விட்டுக் குடுப்பாங்க. ஒரு சின்ன டிரக் பின்னாடி நிறையற அளவு மண் வரும், வேணுங்கறத எடுத்துட்டு மிச்சத்த காட்டுப் பாதுகாப்புக்குக் குடுத்துடலாம். கொலராடோ, ஓரிகன், வெர்மாண்ட், நியூயார்க்னு அடுத்தடுத்து சட்டம் வந்தாச்சு, கலிஃபோர்னியாவுல 2027லருந்து அமலுக்கு வரும்படி 2022லயே சட்டம் போட்டாங்க. செலவு ரீகம்போஸ்ல 7,000 டாலர் பக்கம்.

இன்னொண்ணு தண்ணித் தகனம், அக்வாமேஷன்னு சொல்வாங்க. 95 சதவீதம் தண்ணி, 5 சதவீதம் காரப் பொருள் (ஆல்கலி), அதுல சூடாக்கி உடம்பக் கரைச்சு எலும்ப மட்டும் பொடியாக் குடுக்கறது. அழுத்தத்தோட 150 டிகிரியில நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். தென்னாப்பிரிக்காவோட பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2021 டிசம்பர்ல இறந்தப்ப அவர் விருப்பப்படி இப்படித் தான் பண்ணாங்க. அமெரிக்காவுல நிறைய மாகாணத்துலயும் கனடாவுல சில மாகாணத்துலயும் கிடைக்கும். பிரிட்டன்ல இருக்கறவங்களுக்கு இயற்கை அடக்க இடங்கள் நிறைய இருக்கு, 1993ல கார்லைல்ங்கற ஊர்ல கென் வெஸ்ட்ங்கறவர் ஆரம்பிச்சு வச்சது, மரத்தோப்புக்கு நடுவுல கல்லறைக் கல் இல்லாம புதைப்பாங்க. இந்தியாவுல மக்க வைக்கறதுக்கும் தண்ணித் தகனத்துக்கும் இப்போதைக்கு வசதி கிடையாது, அதனால அதுக்காகக் காத்திருக்காம மேல சொன்ன வழிகள்ல ஒண்ணப் பாருங்க.

வெளிநாட்டுல உயிர் போனா உடம்ப விமானத்துல ஊருக்குக் கொண்டு வரணும்னு தான் முதல்ல தோணும். அதுக்கு எம்பாமிங் பண்ணணும், காத்து புகாத பெட்டியில அடைக்கணும், செலவும் மிகப் பெருசு. அங்கயே தகனம் முடிச்சு அஸ்திய மட்டும் கொண்டு வந்து இங்க கரைக்கறதுல ஒரு குறையும் இல்லன்னு ஊர்ல இருக்கற அப்பா அம்மாகிட்ட முன்னாடியே பேசி வச்சா அந்த நேரத்துல யாருக்கும் குற்ற உணர்ச்சி வராது.

எழுதி வைங்க, ஆனா உயில்ல வேணாம்

உயில பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு தான் பிரிப்பாங்க, அதுல எழுதி ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒரு வெள்ளப் பேப்பர் போதும். என்ன வழி வேணும், அது முடியலன்னா ரெண்டாவது என்ன, எந்தத் தகனமேடை அல்லது எந்தக் கல்லூரி, போன் நம்பர், எந்தச் சடங்கு வேணும், எது வேணாம், சாம்பல என்ன பண்ணணும். கீழ தேதி போட்டு கையெழுத்து, ரெண்டு சாட்சி. ஆதார் நகல் ஒண்ணு பின் பண்ணி, பீரோ லாக்கர்ல பூட்டாம, மருந்துச் சீட்டு வைக்கற கவர்லயே வைங்க, அத தான் எல்லாரும் முதல்ல எடுப்பாங்க. ஒரு போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டுட்டா "எங்களுக்குத் தெரியாது"ன்னு யாரும் சொல்ல முடியாது. எங்க பெரியப்பா இப்படி ஒரு தாள் எழுதி வச்சிருந்தார், அதுல "பட்டாசு கூடாது, பக்கத்து வீட்டுக் குழந்தை பயப்படும்"னு ஒரு வரி இருந்துச்சு, அதப் படிச்ச பிறகு வெடி வாங்கப் போனவங்க வண்டியத் திருப்பிட்டு வந்துட்டாங்க.

இதயத் துடிப்புக்காக உடம்புல பேஸ்மேக்கர் வச்சிருந்தா அதப் பெரிய எழுத்துல எழுதுங்க. எரிக்கறதுக்கு முன்னால அத எடுத்தே ஆகணும், சூட்டுல பேட்டரி வெடிக்கும், மேடையும் உடையும், பக்கத்துல நிக்கற ஊழியருக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரியிலயே சொல்லி எடுக்கச் சொல்லிடலாம்.

அந்த நாள்ல

பழைய பாடையப் பாருங்க: பச்ச மூங்கில், தென்னங்கீத்து, வைக்கோல் புரி, வாழை நார். மண்ணுல போட்டா அப்படியே மக்கிப் போயிடும். இப்ப அந்த இடத்துல தெர்மாகோல் அலங்காரமும் ஜிகினா மாலையும் பிளாஸ்டிக் பூவும் வந்துடுச்சு. சொந்தக்காரங்களுக்கு சேதி சொல்லும்போதே "மாலை வேணாம், வாங்கறதா இருந்தா நார்ல கட்டின உதிரிப் பூவா இருக்கட்டும்"னு ஒரு வரி சேத்துடுங்க. ரோட்டுல பூவ வாரி இறைக்க வேணாம், பின்னாடி வர்ற பைக்காரங்க வழுக்கி விழறதும் அதக் கூட்டற தூய்மைப் பணியாளர்களும் தான் மிச்சம். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒரு வாரத்துல குப்பைக்குப் போகும், மக்காது. பேப்பர் போஸ்டர் நாலு போதும், இல்லன்னா வாட்ஸப் போதும். வர்றவங்களுக்கு தண்ணி பாட்டிலும் பிளாஸ்டிக் டம்ளரும் வாங்காம ரெண்டு கேனும் வீட்டு டம்ளரும் வைங்க, அதக் கழுவ ஒரு ஆளப் போடுங்க.

இவ்ளோ தூரம் அலையாம வேலை நடக்கணும்னா ஒரே ஒரு ஆள இதுக்குன்னு நியமிக்கணும். அழுதுட்டு இருக்கற மகனால முடியாது, மருமகனோ நண்பனோ பாத்துக்கட்டும், அந்தத் தாள் அவர் கையில இருக்கட்டும். உள்ள அனுப்பறதுக்கு முன்னால உடம்பு மேல இருக்கற பிளாஸ்டிக், ரெக்சின், செயற்கை மாலை எல்லாத்தையும் அவர் எடுத்துடணும். தகனமேடை ஊழியருக்கு கூலியத் தவிர ஒரு வேளை சாப்பாடும் மரியாதையா ஒரு வார்த்தையும் குடுக்கறதும் அவர் பொறுப்பு.

சாம்பல்

சாம்பல்ல இருக்கறது பெரும்பாலும் எலும்போட கால்சியம் பாஸ்பேட், காரமும் உப்பும் அதிகம். "அப்பா மேல ஒரு மரம்"னு ஆசையா மொத்த சாம்பலையும் ஒரே குழியில கொட்டி கன்னு நட்டா கன்னு கருகிடும். ரெண்டு கைப்பிடி எடுத்து நிறைய மண்ணு, தொழு உரத்தோட கலந்து, பெரிய குழியில பரப்பி, ஒரு மழை பெஞ்ச பிறகு நடுங்க. புங்கமோ பூவரசோ ஊருக்கு ஏத்ததா இருக்கட்டும்.

ஆத்துலயோ கடல்லயோ கரைக்கறதுன்னா சாம்பல மட்டும் கரைங்க, அதுல இருக்கற கெடுதல் கம்மி. அதச் சுத்தின பிளாஸ்டிக் கவர், துணி, படம் தான் பிரச்சினை. பாபநாசத்துல தாமிரபரணிக் கரையில காரியம் பண்ணிட்டு கட்டின துணிய தண்ணியிலயே விட்டுட்டு வராங்க, அது பாறை இடுக்குல மாட்டி, சேத்துல புதைஞ்சு, குளிக்கறவங்க கால்ல சுத்திக்குது, வண்டி வண்டியா எடுத்தும் தீரல, மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரைக்கும் வழக்கா போச்சு. பவானி கூடுதுறையிலயும் ராமேஸ்வரத்துலயும் இதே நிலைமை தான். துணிய ஒரு தடவ தண்ணியில முக்கி எடுத்தா சடங்கு முடிஞ்சுது, கரையில அதுக்குன்னு வச்சிருக்கற தொட்டியில போடுங்க, தொட்டி இல்லன்னா பையில போட்டு எடுத்துட்டு வந்துடுங்க. மண்பானைய உடைச்சு கரையில விட்டுட்டு வரலாம், தண்ணிக்குள்ள வேணாம், ஓடு கால்ல குத்தும்.

எல்லாம் முடிஞ்ச கையோட மயானத்துல குடுத்த ரசீதையும் டாக்டர் சான்றையும் எடுத்துட்டுப் போய் இறப்பப் பதிவு பண்ணிடுங்க, 21 நாளுக்குள்ள பண்ணினா அபராதம் இல்ல. உடல் தானம் பண்ணினவங்க கல்லூரி குடுக்கற சான்ற மறக்காம வாங்கிக்கங்க, ரசீதுக்குப் பதிலா அத தான் காட்டணும்.